பால் மறத்தல்

ஜூன் 9, திங்கள்

பால்கட்டு இல்லை.

இந்த ஒரு வரியை எழுதிவிட்டு எழுந்துபோய் அடுப்பை அணைத்தேன். பருப்பு அடிபிடித்துவிட்டது. மேலாக இருந்ததை வேறு பாத்திரத்துக்கு மாற்றி, நெய் விட்டு அபிக்குப் பிசைந்து கொடுத்தேன். கருகல் வாசனையை அவள் கண்டுகொள்ளவில்லை.

சித்திரையில் இடது மார்பில் பட்டாணி அளவுக்குத் தட்டுப்பட்டது. பால் கொடுக்கிறவளுக்குக் கட்டி வராமல் இருந்தால்தான் அதிசயம் என்றார்கள். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். முட்டைக்கோஸ் இலையைக் குளிரவைத்து உள்ளே வைத்துக்கொண்டேன். அபி அந்தப் பக்கம் குடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டபோது, வலது பக்கம்தான் அவளுக்கு வசதி போல என்று நினைத்தேன். கல்யாணமாகிப் பதினாறு வருஷம் கழித்து, நாற்பத்திரண்டு வயதில் பெற்றவள் நான். அவள் எதைச் செய்தாலும் எனக்கு அழகாகத்தான் இருந்தது.

மதுரையில் டாக்டர் மெஹருன்னிசா ரிப்போர்ட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பேசினார். முதலில் கீமோ, பிறகு ஆபரேஷன். மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி. இதையெல்லாம் வேறு யாருக்கோ சொல்வதைப் போல நான் கேட்டுக்கொண்டிருந்தேன். முதல் ஊசிக்கு முன்பே தாய்ப்பாலை நிறுத்திவிட வேண்டும் என்று அவர் சொன்னபோதுதான் எனக்குச் சொல்கிறார் என்று உறைத்தது.

ஊசி போடுகிற வாரம் மட்டும் நிறுத்தினால் போதாதா என்று கேட்டேன். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்துகிறவள் நான். பாலில் எவ்வளவு போகும், எத்தனை நாள் இருக்கும் என்றெல்லாம் கேட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"உங்களுக்குப் போடப்போற மருந்து வேகமாப் பெருகுற செல்லைத் தேடிப் போய் அடிக்கும், திலகவதி. உங்க பொண்ணுக்கு எட்டு மாசம். அவ உடம்புல எல்லாமே வேகமாத்தான் பெருகுது."

திரும்பி வரும்போது இவர் திண்டுக்கல் வரும்வரை வாய் திறக்கவில்லை. இ.பி. ஆபீசில் நாள் முழுக்க யார் வந்து கத்தினாலும் பதில் பேசாத மனிதர். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், "இளநீர் குடிக்கிறியா?" என்றார். குடித்தேன்.

ஜூன் 13, வெள்ளி

வாசுகி வந்துவிட்டாள். இவருடைய தங்கை. அவள் மகன் கோவையில் ஹாஸ்டலில் இருக்கிறான். வீட்டுக்காரருக்கு வத்தலக்குண்டில் வாழைக்காய் மண்டி. "ஹோட்டல்ல சாப்பிட்டுக்கங்க, செத்துப்போயிர மாட்டீங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்தாளாம். அதை என்னிடம் சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். இந்த வீட்டில் இனி எல்லோரும் வார்த்தையைப் பார்த்துப் பார்த்துத்தான் பேச வேண்டும் போல.

அபி பால் பாட்டிலைத் தள்ளிவிடுகிறாள். ரப்பரை நாக்கால் வெளியே தள்ளிவிட்டு என் நைட்டியைப் பிடித்து இழுக்கிறாள். வாசுகி பாலாடையைத் தேடி எடுத்தாள், அபி பிறந்த புதிதில் மருந்து கொடுத்த அந்தச் சின்ன வெள்ளிக் கிண்ணம். அதில் டப்பாப் பாலைக் கரைத்து, கிண்ணத்தின் மூக்கு வழியே ஊட்டினாள். பாதி உள்ளே போனது, பாதி கழுத்தில் வழிந்தது.

"உங்கம்மா டீச்சருடி. குடிக்கலன்னா பெயில் போட்டுரும்" என்று சொல்லிச் சொல்லி ஊட்டினாள். நான் அடுத்த அறையில் இருந்தேன். நான் இருந்தால் குடிக்க மாட்டாள் என்று என்னைப் போகச் சொல்லியிருந்தாள்.

ஜூன் 16, திங்கள்

ஸ்கேன் எடுத்தார்கள். முதுகெலும்பில் ஒரு புள்ளி தெரிகிறதாம். பழைய அடியாகக்கூட இருக்கலாம், மூன்று ஊசி போனபின் மறுபடி பார்க்கலாம் என்றார் டாக்டர். காலேஜில் கோகோ ஆடும்போது விழுந்திருக்கிறேன். அதுவாகத்தான் இருக்கும்.

வரும் வழியில் வெள்ளரிப்பிஞ்சு வாங்கினோம்.

ஜூன் 18, புதன்

இன்று கடைசி.

காலையிலிருந்து மூன்று தடவை கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும் இதுதான் கடைசி என்று உட்கார்ந்து, பிறகு இன்னொரு தடவை கொடுக்கலாமே என்று மனம் மாறியது. நாலு மணிக்குக் கொடுத்ததுதான் கடைசியாக அமைந்தது. அவளுக்கு அது எதுவும் தெரியாது. வழக்கம்போல என் தாலிக்கயிற்றை ஒரு கையால் சுழற்றிக்கொண்டே குடித்தாள். மின்விசிறியைப் பார்த்தாள். புதுப் பல்லால் ஒரு கடி கடித்துவிட்டு, நான் கத்துகிறேனா என்று முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். நான் கத்தவில்லை. அவளுக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது.

தூங்கிய பிறகும் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. விரலை வைத்து எடுக்காமல், அதுவாக விடும்வரை உட்கார்ந்திருந்தேன். கால் மரத்துவிட்டது.

பால் வற்றுவதற்கு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். இன்று போட வேண்டும். ஊறுகாய் ஜாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

ஜூன் 20, வெள்ளி

நேற்று முதல் ஊசி. சிவப்பு மருந்து. ரோஸ்மில்க் எசன்ஸ் மாதிரி ஒரு நிறம். சிறுநீரும் அந்த நிறத்தில்தான் போகும், பயப்படாதீர்கள் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். அப்படியும் பயந்தேன்.

சில நாளைக்கு என் உடம்பிலிருந்து வெளியேறும் எல்லாவற்றிலும் மருந்து இருக்கும். கழிவறையில் மூடியைப் போட்டு இரண்டு தடவை தண்ணீர் விட வேண்டும். வாந்தியைத் துடைப்பவர்கள் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். என் துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். அபியைத் தூக்கலாமா என்று கேட்டேன். "தாராளமா. கட்டிப்பிடிங்க, முத்தம் கொடுங்க. பால் மட்டும் வேண்டாம்" என்றார் டாக்டர்.

தூக்கினால் அவள் நேராக அங்கேதான் முகத்தைக் கொண்டுபோகிறாள். அதனால் தூக்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

மார்பு கல்லாகக் கனக்கிறது. இவரைப் பால் எடுக்கும் கைப்பம்பு வாங்கி வரச் சொன்னேன். எடுத்துக் கொட்டாவிட்டால் வலி தாங்காது என்று காரணம் சொன்னேன். அது பொய்யில்லை.

எடுத்த பாலைக் கையுறை போட்டுக்கொண்டு கழிவறையில் ஊற்றினேன். வாசுகி பார்த்துவிட்டாள். அவள் முகம் போன போக்கு.

"தாய்ப்பாலக் கொண்டுபோய்க் கக்கூஸ்ல ஊத்துறீங்களே மதினி. கால் படுற எடத்துலகூட ஊத்த மாட்டோம். சுரப்பு நின்னு போகும்."

இது பால் இல்லை, மருந்து என்றேன். அவள் விடவில்லை. அப்படியானால் வற்றவைத்துவிட வேண்டியதுதானே என்றாள். மல்லிகைப்பூவை உள்ளே வைத்துக் கட்டினால் சில நாளில் வற்றிவிடுமாம். அவர்கள் ஊரில் பிரசவத்தில் பிள்ளை தவறிப்போனவர்களுக்கு அப்படித்தான் கட்டுவார்களாம்.

"எனக்குப் பிள்ளை இருக்கு, வாசுகி" என்றேன்.

அவள் என் கையிலிருந்த பம்பைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். வற்றவைக்கிற எண்ணமே எனக்கு இல்லை என்பது அவளுக்கு அப்போது புரிந்துவிட்டது. இவருக்கு இன்னும் புரியவில்லை. எடுத்துக்கொண்டே இருந்தால் சுரந்துகொண்டே இருக்கும். ஊசியெல்லாம் முடிந்த பிறகு வலது பக்கமாவது கொடுக்கலாம். அபிக்கு அப்போது ஒன்றரை வயதுகூட ஆகியிருக்காது. ஒன்றரை வயதுக்குப் பால் குடிக்கிற பிள்ளைகள் இல்லையா?

வாசுகி என் கையிலிருந்ததை வாங்கிக்கொண்டாள். பம்பை வெந்நீரில் போட்டுக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

ஜூலை 5, சனி

தலைமுடி கொத்துக்கொத்தாக வருகிறது. இவரே மெஷினால் எடுத்துவிட்டார். அபி முதலில் என்னைக் கண்டு வாசுகியின் தோளில் ஒளிந்துகொண்டாள். பிறகு நான் பேசியதும் வந்து என் மண்டையைப் பட்டென்று அடித்துப் பார்த்தாள். சத்தம் பிடித்துப்போனது. விளையாட்டாகிவிட்டது.

ஜூலை 10, வியாழன்

இரண்டாவது ஊசி.

அதற்கு முன்னால் டாக்டரிடம் என் கணக்கைச் சொன்னேன். உடம்பிலுள்ள மருந்து பாதியாகக் குறைவதற்கு இவ்வளவு நேரம். அந்தப் பாதி இன்னொரு பாதியாக இவ்வளவு நேரம். இப்படியே பாதி பாதியாகக் குறைந்தால் அடுத்த ஊசிக்கு முந்தைய நாட்களில் அநேகமாக ஒன்றும் மிஞ்சாது. பிள்ளைகளுக்கு வருஷாவருஷம் கரும்பலகையில் போட்டுக் காட்டுகிற கணக்குதான்.

அவர் கேட்டு முடித்துவிட்டு, "மாத்திரை போட்டீங்கதானே?" என்றார்.

போட்டேன் என்றேன்.

"அப்போ பேச்சுக்குத்தான் கேக்குறீங்க."

"ஆமா, பேச்சுக்குத்தான்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு மருந்தில்லை, கலவை. ஒன்று போனாலும் அது உடைந்து உண்டான இன்னொன்று தங்கும். ஆளுக்கு ஆள் ஈரல் வேறு. இடையில் கொடுத்தால் பாதுகாப்பு என்று சொல்ல எங்களிடம் ஆதாரம் இல்லை என்றார். பிறகு சொன்னார்: "உங்க கணக்கு தப்புன்னு சொல்லல. கணக்கு தப்பாப் போனா திருத்தி எழுத, அவ ஒண்ணும் நோட்டு இல்லையே."

வரும்போது இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். பஸ்ஸில் எல்லோரும் பார்க்க. கல்யாணமான புதிதில்கூட அப்படிச் செய்ததில்லை.

ஜூலை 14, திங்கள்

நான்கு நாளாக எழுந்திருக்க முடியவில்லை. வாய் முழுக்கப் புண். தண்ணீர்கூட இரும்புபோல இருக்கிறது.

படுத்தபடியே பம்பு வைத்துக்கொள்கிறேன். கொண்டுபோய்க் கொட்டுவது வாசுகி. கையுறை போட்டுக்கொள் என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன். கொட்டிட்டியா என்று கேட்டால், "ஊத்திட்டேன் மதினி, நீங்க படுங்க" என்கிறாள். கழிவறை விஷயத்தில் முரண்டு பிடிப்பாள் என்று பயந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. நல்ல பெண்.

ஜூலை 19, சனி

இன்று ரசம் இறங்கியது. கறிவேப்பிலை வாசனை மூக்குக்குத் தெரிந்தது. கொல்லைச் செடி இந்த வருஷம் என்னமாய்த் துளிர்த்திருக்கிறது பாருங்கள் என்று வாசுகி கொத்தாக ஒடித்து வந்து காட்டினாள்.

ஜூலை 24, வியாழன்

அபி "ம்மா" என்றாள். இடுப்பிலிருந்தபடி வாசுகியின் முகத்தைப் பார்த்து.

வாசுகிக்கு வியர்த்துவிட்டது. "அத்தைடி. நான் அத்தை. அம்மா அங்க இருக்கு பாரு" என்று திருப்பிக் காட்டினாள். அபி என்னைப் பார்த்தாள், மண்டையில் தட்டுவதற்குக் கையை நீட்டினாள். நான் தலையைக் கொடுத்தேன்.

இந்த வயதில் எல்லாவற்றையும் "ம்மா" என்றுதான் சொல்லும். மாட்டைப் பார்த்தும் அதைத்தான் சொல்கிறது. அத்தை என்று சொல்ல நானே பழக்கப் போகிறேன்.

ஜூலை 29, செவ்வாய்

நாளை மறுநாள் மூன்றாவது ஊசி. என் கணக்குப்படி உடம்பில் மருந்து மிகக் குறைவாக இருக்கும் நாள் இதுதான்.

வாசுகி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். அபி என் மடியில் இருந்தாள். சும்மா இருந்தாள், கேட்கக்கூட இல்லை.

இரண்டு கொக்கியைக் கழற்றினேன். பிறகு போட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

மூன்றாவது ஊசிக்குப் பிறகு பால் குறைந்துவிட்டது. ஒரு தேக்கரண்டிக்கு மேல் வரவில்லை. வாசுகி பூண்டை நெய்யில் வதக்கிச் சோற்றில் பிசைந்து கொண்டுவந்தாள். பால் சுரக்கக் கொடுப்பது. வாய்ப்புண்ணில் எரிந்தது. சாப்பிட்டேன். ஏன் கொடுக்கிறாய் என்று நானும் கேட்கவில்லை, ஏன் சாப்பிடுகிறீர்கள் என்று அவளும் கேட்கவில்லை.

முதுகு வலிக்கிறது. படுத்தே கிடந்தால் வலிக்கத்தானே செய்யும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலையில் கொஞ்சம் தெம்பாக இருந்தது. கொல்லைப்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வாசுகி துணி அலசிக்கொண்டிருந்தாள். அபி தவழ்ந்து கறிவேப்பிலைச் செடியடிக்குப் போய்விட்டாள். நான் எழுந்து போவதற்குள் ஒரு கைப்பிடி ஈரமண் வாயில் இருந்தது. எனக்குச் சிரிப்புதான் வந்தது. மண் தின்னாத பிள்ளை உண்டா? விரலை விட்டு வழித்துக்கொண்டே, "வாசுகி, இவளப் பாரேன், காலைப் பலகாரம்" என்றேன்.

வாசுகி வாளியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள். பிள்ளையைப் பிடுங்கிக் குழாயடியில் வைத்து வாயைக் கழுவினாள், கழுவிக்கொண்டே இருந்தாள். அபி வீறிட்டாள். போதும், மண்தானே என்றேன். அவள் நிமிரவில்லை.

"மதினி, நான் அங்கதான் ஊத்துனேன்."

எனக்கு உடனே விளங்கவில்லை.

"பால. அந்தச் செடித் தூருலதான் ஊத்துனேன். நீங்க என் கையில குடுத்த நாள்லேருந்து. தாய்ப்பாலு மதினி, கக்கூஸ்ல எப்படி ஊத்துவேன்? கால் படாத எடமாப் பாத்து ஊத்துனாத்தான் மறுபடி சுரக்கும்பாங்க. உங்களுக்குச் சுரக்கணும்னுதான் மதினி."

கையை ஓங்கினேன். அடிக்கவில்லை. ஓங்கியதை அவள் பார்த்தாள்.

இவரை ஆபீசிலிருந்து வரவழைத்து, அபியைப் பிள்ளைகள் டாக்டரிடம் கொண்டு ஓடினோம். ரத்தம் எடுத்தார்கள். அங்கிருந்தே மெஹருன்னிசா டாக்டருக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது. மாத்திரை போடாததை முதலில் சொன்னேன்.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கடைசியாக எப்போது ஊற்றினாள், எவ்வளவு இருக்கும், தினம் செடிக்குத் தண்ணீர் விடுகிறோமா என்று நிதானமாகக் கேட்டார். ஒரு கரண்டிப் பாலில் போனது மிகக் கொஞ்சம், அதுவும் மண்ணில் கலந்து, நாள் கணக்கில் வெயிலிலும் தண்ணீரிலும் கிடந்தது. ஒன்றும் ஆகாது என்றே நினைக்கிறேன், இருந்தாலும் ஒரு வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்த்துவிடுவோம் என்றார்.

அப்புறம், "இன்னும் பால் எடுக்கிறீங்களா?" என்று கேட்டார்.

"கொஞ்சம் வருது, டாக்டர்."

"எதுக்கு, திலகவதி?"

"எல்லாம் முடிஞ்சதும் கொடுக்கலாம்னு."

அவர் ஏதோ காகிதத்தைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. "வர்ற வாரம் ஸ்கேன் இருக்கு. பாத்துட்டுப் பேசுவோம்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் இவர் கடப்பாரையால் செடியை வேரோடு தோண்டி, மண்ணோடு சாக்கில் கட்டினார். நாங்கள் இந்த வீட்டுக்கு வந்த வருஷம் வைத்த செடி. வாசுகி சுவரோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 13, புதன்

மாத்திரை போட்டிருந்தால் பால் இல்லை. பால் இல்லையென்றால் ஊற்ற எதுவும் இல்லை. அவள் எங்கே ஊற்றினாள் என்பதையே நேற்றெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

அபியின் ரத்தம் இரண்டாவது தடவையும் சரியாக இருக்கிறது. ஊசி குத்திய இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. அதைப் பிய்த்து எனக்குத் தந்தாள்.

வாசுகி சமைக்கிறாள், துவைக்கிறாள், பிள்ளையைப் பார்க்கிறாள். நான் இருக்கும் அறைக்குள் மட்டும் வருவதில்லை. கஞ்சியை வாசலில் ஸ்டூலில் வைத்துவிட்டுப் போகிறாள்.

ஆகஸ்ட் 21, வியாழன்

நாலாவது ஊசி போடவில்லை. மருந்தை மாற்றுகிறார்கள். புள்ளி ஒன்றாக இருந்தது இப்போது ஒன்றாக இல்லை. கோகோ இல்லை. ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாமாம்.

புது மருந்து எப்போது முடியும் என்று கேட்டேன். அபியின் பிறந்தநாளுக்குள்ளா, பொங்கலுக்குள்ளா என்று தெரிந்தால் பள்ளிக்கூடத்தில் லீவு எழுதிக் கொடுக்க வசதியாக இருக்கும் என்றேன்.

டாக்டர் தன் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "இது முடிக்கிற மருந்து இல்ல, திலகவதி. உடம்பு கேக்குற வரைக்கும் போட்டுக்கிட்டே இருப்போம்."

பால் தானாகவே வற்றிவிடும், இனி எடுக்க வேண்டாம் என்றும் சொன்னார். சரி என்றேன்.

இவர் வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். அவ்வளவு நேரமா தண்ணீர் குடிப்பார்கள்? முகமெல்லாம் கழுவியிருந்தது.

புடலங்காய் வாங்க வேண்டும். கேஸ் புக் பண்ண வேண்டும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வாசுகி பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரருக்கு வயிறு சரியில்லை, ஹோட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. அபி அந்தப் பையிலிருந்த சேலையை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் போட, அவள் மறுபடி மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் சளைக்கவில்லை.

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போவதற்கு முன் எனக்கு ஒரு வேலை செய்துவிட்டுப் போ என்றேன்.

"சொல்லுங்க மதினி." தலை நிமிரவில்லை.

"எனக்குப் பூ வச்சுக் கட்டிவிடு."

அவள் என் தலையைப் பார்த்தாள். ஒரு மயிர் இல்லாத தலை. பிறகுதான் எந்தப் பூ என்று புரிந்தது. சேலையை அபியிடமே விட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

இவர் பூ மார்க்கெட்டுக்குப் போய் உதிரி மல்லிகை வாங்கி வந்தார். இவ்வளவு பூ எதற்கு, வீட்டில் விசேஷமா என்று பூக்காரம்மா கேட்டதாம். பிள்ளைக்குப் பால் மறக்கடிக்கிறோம் என்று சொன்னாராம். அந்தம்மா மறுபேச்சுப் பேசாமல் இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டதாம்.

பால் மறக்கடிப்பது என்றுதான் நாம் சொல்கிறோம். அபி ஆடியிலேயே மறந்துவிட்டாள். பாலாடையும் விட்டாயிற்று, டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கிறாள். மறக்க வேண்டியவள் நான் ஒருத்திதான் பாக்கி.

வாசுகி பூவை நெருக்கமாகத் தொடுத்து, பழைய வாயில் சேலையைக் கிழித்து, கதவைச் சாத்திக்கொண்டு கட்டினாள். என் இடது பக்கத்தை அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை. மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். பூ ஜில்லென்று இருந்தது. கல்யாணத்தன்று ஜடையில் வைத்த பூ முதுகில் பட்டபோது இருந்த அதே குளிர்ச்சி. முடிச்சுப் போடும்போது, "இறுக்கமா இருக்கா மதினி?" என்றாள். இருக்கட்டும் என்றேன்.

"நான் செஞ்சதுக்கு..." என்று ஆரம்பித்தாள்.

"எனக்குச் சுரக்கணும்னு இந்த வீட்டுல நினைச்சது நீ ஒருத்திதான்" என்றேன்.

கதவைத் திறந்ததும் அபி தவழ்ந்து வந்தாள். என் மடியைப் பிடித்து எழுந்து நின்றாள். வாசனை எங்கிருந்து வருகிறது என்று மூக்கைச் சுருக்கித் தேடினாள். இரண்டு மாதமாக அவள் முகம் அந்தப் பக்கம் வந்தாலே நான் விலகிக்கொள்வேன். இன்று விலகவில்லை. கழுத்தோரம் நீட்டிக்கொண்டிருந்த ஒரு மொட்டைப் பிய்த்தாள். வாய்க்குக் கொண்டுபோகுமுன் பிடுங்கப் போனேன். அவள் அதைத் தின்னவில்லை. திரும்பி வாசுகியிடம் நீட்டினாள்.

"ம்மா."

"அத்தைடி, எத்தன தடவ சொல்றது. அம்மா..." என்று வாசுகி என் பக்கம் கையைக் காட்டப் போனாள்.

"விடு, வாசுகி" என்றேன். "பழகட்டும்."

அவள் கை பாதியில் நின்றது. ஸ்கேனில் என்ன வந்தது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்த மொட்டை வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் பார்த்தேன். வாசுகியின் சேலைகள் மறுபடி கொடியில் தொங்கின.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

தினம் காலையிலும் மாலையிலும் பூ மாற்றுகிறாள். எடுத்த பூ பழுத்துப் பழுப்பாகி, பால் பட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வாசுகி இரண்டு கைக்கும் கையுறை போட்டுக்கொண்டு, அதை ஒரு கவரில் போட்டு முடிச்சிட்டு, அதற்கு மேல் இன்னொரு கவர் போட்டு இன்னொரு முடிச்சிடுகிறாள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது இவர் எடுத்துக்கொண்டு போகிறார்.

கறிவேப்பிலையைக் கடையில் வாங்குகிறோம். வாசமே இல்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

துணி இன்று நனையவில்லை.

அபி இரண்டு வாய் ரசம் சாதம் கூடுதலாகச் சாப்பிட்டாள்.